திருவதிகை வீரட்டானம்: பாதிரிப்புலியூரில் ஆரம்பித்தால்தான் கணக்கு சரியாகும்

பண்ருட்டி பக்கத்துத் திருவதிகைக்குப் போகிறவர்களில் இரண்டு வகையினர் ஏமாந்து திரும்புகிறார்கள். "சமணப் பள்ளியை இடித்துக் கட்டிய கோயில்" என்று எங்கோ படித்துவிட்டு, தூணுக்குத் தூண் தீர்த்தங்கரர் நிற்பார் என்ற நினைப்பில் வருகிறவர் ஒருவர். சிவன் வீரச் செயல் புரிந்த எட்டு வீரட்டானத் தலங்களில் ஒன்றை முடித்தாயிற்று என்று சாமி கும்பிட்டு, விபூதி வாங்கி, இருபது நிமிடத்தில் வண்டி ஏறுகிறவர் இன்னொருவர். முதல் ஆள் இல்லாததைத் தேடுகிறார். இரண்டாம் ஆள் இருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறார். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டிய யோசனை ஒன்றுதான்: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் காலையில் ஆரம்பித்து, கெடில ஆற்றின் போக்கிலேயே மேற்கே போய், திருவதிகையில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். ஒரு பகல் போதும். ஆனால் எந்த மணிக்கு எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டடத்துக்கு முழு மதிப்பெண். வரலாற்றுக்காக வருகிறவருக்கு எடுத்துச் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பாதிகூடத் தர மனம் வரவில்லை. கோயில் தன் கதையைப் பக்தருக்குச் சொல்லும் விதத்தில் சொல்கிறது, அதில் தப்பே இல்லை. சமணமும் சைவமும் சேர்ந்து இந்த இடத்தை எப்படி உருவாக்கின என்று தெரிய வேண்டுமானால் வீட்டுப்பாடம் நீங்கள்தான் செய்துகொண்டு போக வேண்டும். கீழே இருப்பது அந்த வீட்டுப்பாடம்.

பாதிரிப்புலியூரில் இன்று இருப்பது பாடலீஸ்வரர் கோயில். ரயிலில் வருகிறவர்கள் கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்கிவிட வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் என்றே தனி நிலையம் இருக்கிறது, அங்கிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். தல மரம் பாதிரி. பாதிரிக்கு வடமொழியில் பாடலம் என்று பெயர். பாடலீஸ்வரர், பாடலிபுரம் எல்லாம் அதன் வழியே வந்தவை. புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர்.

இந்த ஊரின் சமணத் தொடர்பு வாய்வழிக் கதையாக மட்டும் நிற்கவில்லை. 'லோகவிபாகம்' என்ற சமண அண்டவியல் நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகா என்ற ஊரில் சக ஆண்டு 380ல், அதாவது கி.பி. 458ல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் முடித்தார் என்று அந்த நூலே தேதி சொல்கிறது. நம் கைக்கு வந்திருப்பது பின்னாளில் சிம்மசூரி சமஸ்கிருதத்தில் ஆக்கிய வடிவம். அந்தப் பாடலிகா நம் பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எண்களை இடமதிப்பு முறையில் சுழியத்தோடு எழுதியதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகவும் இதே நூலைக் காட்டுகிறார்கள். கடலூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பின்னாளில் அப்பர் என்று நாம் அறிகிறவர், இதே பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து, படித்துத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு வந்தார். சூலை நோய் கண்டது. பள்ளியில் இருந்தவர்களின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. திருவதிகையில் கோயில் கூட்டி மெழுகிக்கொண்டிருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். "நான் அங்கே வரமாட்டேன்" என்று பதில் வந்தது. அன்று இரவே கிளம்பினார். அவர் எதை எதை விட்டுவிட்டுப் போனார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் கணக்காகச் சொல்கிறார்: உடுத்திருந்த பாய், உறியில் தொங்கிய குண்டிகை, கட்டிய மயிற்பீலி. வெள்ளை ஆடை உடுத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல், இருட்டில். இன்றைய சாலைக் கணக்கில் பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டி சுமார் 25 கிலோமீட்டர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு அது எவ்வளவு தூரம் என்பது பஸ்ஸில் போகும்போதே கொஞ்சம் உறைக்கும்.

பாடலீஸ்வரர் கோயிலுக்குள் அந்தப் பள்ளியின் சுவரைத் தேடினால் கிடைக்காது. இப்போது நிற்கும் கட்டடத்தில் இருப்பது சோழர் காலமும் அதற்குப் பிந்தியதும். முக்கால் மணி நேரம் ஒதுக்கிப் பாதிரி மரத்தையும் அப்பரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியறை இங்கே சுவாமி சந்நிதிப் பக்கமே இருக்கிறது. அம்பாள்தான் இரவு சுவாமியிடம் போகிறாள். பல கோயில்களில் இது மாறி இருக்கும். நேரம் இருந்தால் கரையேறவிட்டகுப்பம் போய்ப் பார்க்கலாம். சைவத்துக்குத் திரும்பியதற்காகக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் மிதந்து கரை சேர்ந்த இடம் என்று பெயரே சொல்கிறது. சித்திரையில் அந்த ஐதீகத்தை இன்றும் நடத்துகிறார்கள். சாதாரண நாளில் அங்கே பார்க்க அதிகம் இல்லை, ஊர்ப் பெயரே போதும்.

பாதிரிப்புலியூரை விட்டு எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். பாண்டிச்சேரிக்காரர்கள் அதற்கு ஏற்ப ஆறு மணிக்கே வண்டி எடுக்க வேண்டியிருக்கும். பாண்டியிலிருந்து கடலூருக்கு நேர் ரயில் பாதை கிடையாது, பஸ்தான். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்குச் சுமை ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டினால் அந்தக் கணக்கு தப்பும். விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் பண்ருட்டிக்கும் நிலையம் இருக்கிறது, ஆனால் பாசஞ்சர் வண்டியை நம்பி ஒரு பகல் பயணத்தைத் திட்டமிட முடியாது. பண்ருட்டி பஸ் நிலையத்திலிருந்து கோயில் 2 கிலோமீட்டர் போல. ஆட்டோவில் ஏறும்போது "திருவதிகை கோயில்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், ஊரில் பெருமாள் கோயிலும் பெயர் பெற்றதுதான். "வீரட்டானேஸ்வரர் கோயில்" என்று சொல்லி, கூலியைப் பேசிக்கொண்டு ஏறுங்கள்.

எட்டு மணிக்குக் கிளம்பு என்று வற்புறுத்துவதற்குக் காரணம் வெயில்தான். கோயில் கிழக்குப் பார்த்தது. இராஜகோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் நாட்டியக் கரணச் சிற்பங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் மேலிருந்து கீழாக இருக்கின்றன. இளவெயில் சாய்ந்து உள்ளே விழும் நேரத்தில்தான் கைமுத்திரையும் கால் மடிப்பும் பிரிந்து தெரியும். வெயில் தலைக்கு மேலே ஏறிவிட்டால் வாசல் இருட்டாகிவிடும், சிற்பம் எல்லாம் ஒரே மொத்தையாகத் தெரியும். சிதம்பரத்துக் கிழக்குக் கோபுரத்தில் இதே கரணங்களைக் கிரந்த எழுத்தில் சுலோகத்தோடு வைத்திருக்கிறார்கள். அதை முன்னமே பார்த்தவர்களுக்கு இங்கே அடையாளம் காண்பது எளிது.

இன்னொரு காரணம் கால். பங்குனி முதல் ஆடி வரை பத்தரை மணிக்கு மேல் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சுற்றுப் பிரகாரத்தைப் பார்த்தே தீர வேண்டிய கோயிலில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றினால் ஒன்றும் மனதில் நிற்காது. நடை சாத்தும் நேரம் நாளுக்கு நாள் முன்னே பின்னே இருக்கும் என்பதால் பதினொரு மணிக்குள் உள் வேலையை முடித்துவிடுவது நல்லது. மாலையில் வருவதாக இருந்தால் நாலரைக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார வேண்டாம்.

உள்ளே போனதும் பெரும்பாலானோர் நேரே கருவறைக்குப் போவார்கள். அதுவே சரி, வெளிப்பிரகாரத்தைப் பிறகு பார்க்கலாம். இங்கே லிங்கம் பதினாறு பட்டை. உருண்டையாக இல்லாமல், நெடுக்குவாட்டில் செதுக்கிய பதினாறு முகங்கள். பின்சுவரில் சோமாஸ்கந்தர் புடைப்பாக இருக்கிறார்: சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன். இந்த இரண்டையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அலங்காரம் முடிந்த பிறகு போனால் வஸ்திரமும் மாலையும் பட்டைகளை மூடிவிடும். கற்பூர ஆரத்தியில் லிங்கத்தின் முகப்பு மட்டும் பளிச்சென்று தெரியும், பின்சுவர் இருளில் கிடக்கும். காலை அபிஷேகம் முடிந்து அலங்காரம் தொடங்கும் முன் நிற்க முடிந்தால் அதிர்ஷ்டம். தண்ணீர் வழியும்போது ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் தனித்தனிக் கோடாக இறங்கும், எண்ணிக்கூடப் பார்க்கலாம். அது வாய்க்காவிட்டால் குருக்களிடம் "பின்னால் இருக்கிற அம்மையப்பரைக் காட்டுங்க சாமி" என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் தீபத்தைப் பக்கவாட்டில் உயர்த்திக் காட்டுவார்கள். நீங்கள் நேர் நடுவில் நிற்காமல் ஓரடி ஒதுங்கி நின்றால்தான் லிங்கம் மறைக்காது. பிரதோஷத்தன்று அபிஷேகம் எல்லோருக்கும் தெரியும்படி நடக்கும், ஆனால் பின்னாலிருந்து தள்ளும் கூட்டத்தில் கண்ணுக்கு வேலை இருக்காது.

இதற்கு இத்தனை பாடு எதற்கு? பட்டை லிங்கமும் அதன் பின்னால் சோமாஸ்கந்தரும் பல்லவரில் இராஜசிம்மன் காலத்து முத்திரை. காஞ்சி கைலாசநாதரிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் இதே ஜோடியைப் பார்க்கலாம். இராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அப்பர் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஆக, சூலையோடு வந்து அப்பர் விழுந்து கும்பிட்ட சந்நிதி வேறு தோற்றத்தில் இருந்திருக்கும். அந்தக் காலக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல், மரம், சுண்ணாம்பு. விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் மகேந்திரவர்மன் "செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல்" கட்டினேன் என்று கல்வெட்டிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். மற்றவர்கள் எல்லாம் அவற்றால்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது.

இங்கேதான் அந்தப் பெரிய கதையின் முடிச்சு. தருமசேனர் சைவத்துக்குத் திரும்பிய பிறகு, அவரைத் துன்புறுத்திய பல்லவ மன்னனும் சைவனாகி, பாடலியில், அதாவது பாதிரிப்புலியூரில், இருந்த சமணப் பள்ளியையும் பாழிகள் என்ற துறவியர் உறைவிடங்களையும் இடித்துக் கொண்டுவந்து திருவதிகையில் 'குணபரவீச்சரம்' எடுத்தான் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டில் அந்தப் பெயரும், அவன் வேறு நெறியிலிருந்து திரும்பிய செய்தியும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் வரலாற்றாசிரியர்கள் மகேந்திரவர்மன் என்று முடிவு செய்தார்கள். சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு என்பதையும் மறக்கக் கூடாது. கதையை அப்படியே எடுத்துக்கொண்டாலும் இரண்டு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். இடிக்கப்பட்ட பள்ளி இருந்தது பாடலியில், திருவதிகையில் அல்ல. எழுப்பப்பட்டது குணபரவீச்சரம், வீரட்டானம் அல்ல. வீரட்டானம் அதற்கு முன்பே இருந்த கோயில், திலகவதியார் அலகிட்டு மெழுகியது அங்கேதான். "வீரட்டானேஸ்வரர் கோயிலே சமணப் பள்ளிதான்" என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

குணபரேஸ்வரர் கோயில் என்று சொல்லப்படுவது திருவதிகையிலேயே தனியாக, சிறியதாக இருக்கிறது. பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லாததுபோல் படும். பின்னாளில் புதுப்பித்த கட்டடம். பாடலியிலிருந்து வந்த பொருள் இதுதான் என்று எந்தக் கல்லையும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் போக வேண்டும். இரண்டு சமயங்களின் கதை முட்டிக்கொண்ட புள்ளி இதுதான் என்று தெரிந்துகொண்டு நின்றால் அந்தச் சின்னச் சந்நிதி வேறு மாதிரி இருக்கும். பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வீரட்டானேஸ்வரர் கோயிலில் இருக்கும்போதே எப்போது திறப்பார்கள், யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

இனி வெளிப்பிரகாரம். இங்கே தியானத்தில் அமர்ந்த ஒரு பெரிய திருவுருவம் இருக்கிறது. கோயிலில் புத்தர் என்பார்கள். சமணத் தொடர்பு தெரிந்து வருகிறவர்கள் "தீர்த்தங்கரராக இருக்குமோ" என்று கேட்பார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் வயல்வெளியில் கிடைக்கும் சிலைகளுக்கும் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு, அதனால் பிரித்துப் பார்க்கும் விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் மார்பைப் பாருங்கள். இடது தோளிலிருந்து வலது கைக்கு அடியில் சரிந்து போகும் ஒரு மெல்லிய கோடு இருந்தால் அது சீவரம் என்ற துறவி ஆடையின் விளிம்பு, புத்தர். கோடே இல்லாமல் மார்பு வெறுமையாக இருந்தால் தீர்த்தங்கரராக இருக்கலாம். ஆனால் எண்ணெயும் சந்தனமும் பெயிண்டும் ஏறிய சிலையில் அந்தக் கோடு மறைந்துபோகும், விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், தடவாதீர்கள். டார்ச்சைச் சிலைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தால் போதும். அடுத்து தலை. உச்சியில் மேடுபோல எழுந்து அதன்மேல் தீச்சுடர் இருந்தால் புத்தர், தமிழ்நாட்டுப் புத்தருக்குச் சுடர்முடி வழக்கம். தலைக்கு மேலே அடுக்கடுக்காக மூன்று குடை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அருகன், அதாவது தீர்த்தங்கரர். சிலை உடைந்து தனியாக வந்திருந்தால் குடை போயிருக்கும், அதனால் குடை இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இரு பக்கமும் சாமரம் வீசுவோர் இருவருக்கும் உண்டு, அது உதவாது. நீண்ட காதும் உதவாது.

சிவன் கோயிலுக்குள் புத்தர் ஏன் என்று கேட்டால் ஊரில் ஒரு பதில் வரும், அது அத்தனை எளிதில் தள்ளிவிடக் கூடியதும் இல்லை. இது திரிபுரம் எரித்த தலம். முப்புரத்து அசுரர்கள் சிவபக்தர்கள். பக்தி இருக்கும்வரை அழிக்க முடியாது. அதனால் திருமால் வேற்றுச் சமயத் துறவி வடிவில் போய் அவர்கள் மனதை மாற்றினார் என்று புராணம். புத்த வடிவம் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் வடிவம். ஆக, பிற சமயம் என்ற பாத்திரம் தலக்கதைக்குள்ளேயே இருக்கிறது. கல்லில் உட்கார்ந்திருப்பவருக்குக் கதை இடம் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவல்ல. ஒரு ஊர் தன் பழைய சண்டையை எப்படிச் செரித்துக்கொண்டது என்று பார்க்க நல்ல இடம்.

விமானத்தைத் தென்மேற்கு மூலையில் நின்று பாருங்கள். தேர் போன்ற வடிவம், மேலே முழுக்கச் சுதை வேலை. திரிபுரத்துக்கு இறைவன் ஏறிப்போன தேர் என்று சொல்வார்கள். வண்ணம் அடித்து அடித்துச் சுதை உருவங்களின் முகம் தடித்துப் போயிருப்பது கண்ணை உறுத்தும், தமிழ்நாட்டில் எந்தக் கோயில் தப்பியது? நிழல் தரையில் விழாது என்றும் ஒரு பேச்சு உண்டு. அடி அகலமாகி மேலே படிப்படியாகச் சுருங்கும் எந்த விமானத்துக்கும் உச்சிவேளை நிழல் தன் மேலேயே விழும். நம்புகிறவரிடம் வாதாட வேண்டியதில்லை, மாலை ஐந்து மணிக்கு அவரையே அழைத்துவந்து காட்டினால் போதும்.

கல்வெட்டில் ஆர்வம் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லவர், சோழர், பாண்டியர் என்று பல காலத்து எழுத்து இந்தச் சுவர்களில் இருக்கிறது. சோழர் காலத்தில் ஊருக்கு அதிராசமங்கலியபுரம் என்று பெயர். முதலாம் குலோத்துங்கன் காலத்துத் தளபதி நரலோகவீரன், மணவில் கூத்தன் காலிங்கராயன் என்பவன், சிதம்பரத்திலும் இங்கேயும் செய்த திருப்பணிகளை வெண்பாவாகவே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். வாகீசருக்கு, அதாவது அப்பருக்கு, இங்கே அவன் கோயில் எடுத்த செய்தியும் அதில் வருகிறது. சமணப் பள்ளித் தலைவராக இருந்தவருக்கு ஐந்நூறு ஆண்டு கழித்துச் சோழத் தளபதி ஒருவன் சந்நிதி எழுப்புகிறான். இன்றும் அப்பருக்கும் திலகவதியாருக்கும் தனித்தனிச் சந்நிதி உண்டு. அக்காவின் சந்நிதியில் யாரும் அதிகம் நிற்பதில்லை; கதையைத் திருப்பியதே அவர்தான்.

எழுத்தைப் படிக்கப் பல பேர் செய்யும் தப்பு, அரிசி மாவோ சாக்குப்பொடியோ தேய்ப்பது. பள்ளத்தில் தங்கிய பொடி ஈரத்தில் இறுகி அடுத்த ஆளுக்கு அந்த எழுத்தே இல்லாமல் போகும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானே எழுந்து வரும். கல்வெட்டுகள் வழக்கமாகத் தொடங்கும் "ஸ்வஸ்திஸ்ரீ" எங்கே என்று தேடி அங்கிருந்து தொடங்கினால் வரி பிடிபடும். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்திருக்கிறது. எந்தக் கோயிலில் எவ்வளவு கண்டிப்பு என்பது மாறும். அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள், சின்ன டார்ச் ஒன்று தனியாகப் பையில் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. கருவறைப் பக்கம் படம் எடுப்பது எங்கேயும் கிடையாது.

தேவாரம் என்று நாம் கையில் வைத்திருப்பதில் நான்காம் திருமுறை இந்த வாசலில்தான் தொடங்குகிறது: 'கூற்றாயினவாறு'. வயிற்று வலிக்காரன் பாடிய பாட்டு என்பது ஒவ்வொரு அடியிலும் தெரியும். குடரோடு துடக்கி முடக்கியிடுகிற வலி என்று அதிகைக் கெடில வீரட்டானத்து அம்மானிடம் முறையிடுகிறார். இந்த ஒரு பதிகத்தை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். மாலைப் பூசையில் ஓதுவார் இருந்தால் பாடச் சொல்லிக் கேட்கலாம்.

அப்பருக்குப் பிறகு வந்த சுந்தரர் இந்த ஊர் மண்ணையே மிதிக்கத் தயங்கி, அப்பர் உழவாரம் செய்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று வெளியே சித்தவட மடத்தில் தங்கினார். அதே ஊரை 1750ல் பிரெஞ்சுப் படை பிடித்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களில் இந்தக் கோயில் கோட்டையாகவே பயன்பட்டது. பாண்டிச்சேரியிலிருந்து வருகிற வாசகர்களுக்கு இது சும்மா ஒரு தகவல்.

சரநாராயணப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே. திரிபுரம் எரிக்கச் சரம் கொடுத்த பெருமாள் என்பதால் அந்தப் பெயர். பள்ளிகொண்ட நரசிம்மரும் அங்கே உண்டு. பதினொரு மணி நெருங்கிவிட்டால் இதை மாலைக்கு விடுங்கள்.

வயதானவர்களை அழைத்துவருகிறவர்கள் கவனிக்க: கோபுர வாசல்படி உயரம், உள் மண்டபத்துக்கும் படிகள், சக்கர நாற்காலி என்றால் கூட இரண்டு ஆள் வேண்டும். தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் பண்ருட்டியிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். சாப்பாடும் பண்ருட்டியில்தான். வைகாசிப் பெருவிழா நாட்களில் கோயில் பார்க்க வராதீர்கள், திருவிழா பார்க்க வாருங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியாது. பாடலீஸ்வரர் கோயிலுக்கும் வைகாசியில்தான் பெருவிழா, அதனால் அந்த மாதத்தில் இந்தப் பயணமே சரிப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் வழுக்கும், ஆனால் கல்வெட்டு ஈரத்தில் நன்றாகத் தெரியும். தை, மாசிதான் நல்ல காலம். பலாவுக்காக வருகிறவர்கள் சித்திரை முதல் ஆடி வரை வெயிலைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு சமயக் கலப்பைக் கண்ணால் நேரடியாகப் பார்த்துவிட வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கோயிலைச் சிபாரிசு செய்ய மாட்டோம். அவர்களுக்கு வில்லியனூர் மாதா கோயில் பொருத்தம். 1877ல் அர்ச்சிக்கப்பட்ட தேவாலயம், முன்னால் சிவன் கோயில்போலப் படிக்கட்டுக் குளம், திருவிழாவில் தேர். யாரும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும். திருவதிகையில் பார்த்தால் புரியாது, படித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு அரை நாள் இருந்தால், பண்ருட்டியிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகத் திருநறுங்கொண்டை போகலாம். குன்றின் மேல் பாறையில் செதுக்கிய பார்சுவநாதர், அப்பாண்டைநாதர் என்று பெயர், இன்றும் தமிழ்ச் சமணர் வழிபடும் கோயில். பாடலியில் காணாமல் போன பள்ளி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. சமணர் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், கோயிலுக்கும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். முனிவர் யாராவது தங்கியிருந்தால் பக்கத்தில் மயிற்பீலி இருக்கும். தருமசேனர் அன்று இரவு கீழே வைத்துவிட்டு நடந்தாரே, அதே பொருள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.